தவிட்டுப் புளிப்புக்கு ஆறு நாள்

ருமேனியாவுக்குப் போய் வந்ததும், எங்கள் பிளாக்கில் உள்ள பதினாறு வீடுகளில் ஒன்பது வீட்டுக்காரர்கள் அந்தப் பயணத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் எழுதவில்லை. பத்தொன்பது நாள் இருந்தேன், நோட்டுப் புத்தகத்தில் நாற்பத்திரண்டு பக்கம் குறிப்பு இருந்தது, ஆனாலும் எழுதும்படியாக ஒன்றும் நடக்கவில்லை என்றே நினைத்தேன். இந்தச் சித்திரையில் முகப்பேரிலிருந்து முத்தாபுதுப்பேட்டைக்கும் பூந்தமல்லிக்கும் அலைந்த ஆறு நாள்தான் இப்போது எழுத வைக்கிறது. ருமேனியாவில் நான் பயந்தது எனக்காக. இங்கே பயந்தது இரண்டு உயிருக்காக.

என் மகன் எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலையில் இருப்பவன். பயிற்சிக்கு ருமேனியா போன இடத்தில் யோவானாவைப் பார்த்துப் பிடித்துப்போய், அவள் ஊரிலேயே கல்யாணம் நடந்தது. அதற்குத்தான் போயிருந்தேன். இப்போது அவன் பம்பாய்க்கு அப்பால் கடலில் இருக்கிறான். யோவானா எங்களோடு முகப்பேரில் இருக்கிறாள், ஐந்தாம் மாதம். வீட்டில் நான், என் மனைவி சரோஜா, அவள். மூன்று பேர். வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால் மூன்றரை என்று முதலில் சிரித்துக்கொண்டிருந்தோம். சிரிப்பு நின்று மூன்று வாரம் ஆயிற்று.

திங்கட்கிழமை அம்பத்தூர் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். கல்யாணத்தின்போது யோவானா ஐம்பத்தெட்டு கிலோ. மூன்று வாரத்துக்கு முன்பு ஐம்பத்து நான்கு. அன்று ஐம்பத்தொன்று. சாப்பிட்ட பன்னிரண்டாவது நிமிடம் வாந்தி. நான் கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டேன், பதினாறு வேளையில் பதினான்கு வேளை அதே பன்னிரண்டு.

"சனிக்கிழமை வாங்க. ஐம்பதுக்குக் கீழே போனா ஆஸ்பத்திரியில சேர்த்துடணும். குழந்தைக்கு நல்லதில்ல," என்றார் டாக்டரம்மா. பிறகு அவளிடம், "உனக்கு எதும்மா சாப்பிடணும்போல இருக்கு?" என்று கேட்டார்.

யோவானா என்னைப் பார்த்தாள். தமிழ் அவளுக்கு முக்கால்வாசி வந்துவிட்டது. "மாமா, புளிப்பு. ஆனா உங்க புளிப்பு இல்ல. அம்மா வீட்டுப் புளிப்பு. சியோர்பா."

எனக்குப் புரிந்தது. சரோஜா அதுவரை நாலு விதமாக ரசம் வைத்துப் பார்த்திருந்தாள், எலுமிச்சையும் பிழிந்து பார்த்தாள். புளியின் வாசனை வந்தாலே அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பிள்ளைத்தாச்சி கேட்டதைக் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று சரோஜாவின் ஊர்ப் பக்கத்தில் ஆயிரம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அன்றைக்கு மட்டும் இருந்தது.

சியோர்பா என்றால் புளித்த சூப். அவள் அம்மா மரியா, என் சம்பந்தியம்மா, அதை வாரத்தில் ஐந்து நாள் வைப்பார். காய்கறி போட்டு, பீன்ஸ் போட்டு, கைமா உருண்டை போட்டு. கல்யாணத்துக்கு மறுநாள் விடிந்ததும் ஆட்டம் முடிந்து களைத்தவர்களுக்கு மாட்டுக் குடலில் ஒன்று வைத்தார்கள். நம் ஊர்ப் போட்டிக் கறிதான், மேலே பூண்டும் காடியும் பாலாடையும் ஊற்றியிருந்தார்கள். மொத்தம் நூற்று முப்பது பேர், எல்லோரும் கிண்ணத்தை வழித்துக் குடித்தார்கள். நான் ஐந்து கரண்டி குடித்துவிட்டு, மாத்திரை எங்கே இருக்கிறது என்று சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அந்தப் புளிப்பு எதிலிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். கோதுமைத் தவிட்டிலிருந்து. தவிட்டையும் கொஞ்சம் மக்காச்சோள மாவையும் தண்ணீரில் போட்டு அடுப்போரம் ஒரு மண்ஜாடியில் வைப்பார்கள். இரண்டு மூன்று நாளில் மேலே மங்கலாக ஒரு தண்ணீர் தெளியும். அதற்குப் போர்ஷ் என்று பெயர். அதைக் காய்ச்சிச் சூப்பில் ஊற்றினால் சியோர்பா. என் நோட்டில் இருபத்தேழாம் பக்கம் இப்படி இருந்தது: தவிடு 14 பிடி, சோளமாவு 3 பிடி, தண்ணீர் 2 சொம்பு. கீழே ஒரு வரி: 'பக்கத்து வீட்டிலிருந்து ஏதோ ஒரு கிண்ணம் வந்தது.' அது என்ன என்று கேட்டு எழுதவில்லை.

"அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்கலாமா?" என்றேன்.

"வேண்டாம் மாமா. அம்மா பயந்துடுவாங்க," என்றாள்.

"உனக்குச் செய்யத் தெரியுமா?"

"நான் டவுன்ல படிச்சேன். அங்க பாட்டில்ல விக்கும்."

செவ்வாய்க்கிழமை காலை சரோஜாவிடம் சொல்லாமல் கிளம்பினேன். மாட்டுத் தீவனத்தைப் பிள்ளைத்தாச்சிக்குக் கொடுக்கப்போகிறேன் என்று எப்படிச் சொல்வது? அம்பத்தூரில் ஒரு தீவனக் கடைக்குப் போனேன். மூட்டையில் கையை விட்டு முகர்ந்தால் யூரியா வாசனை. கடைக்காரர், "மாடு இன்னா, பரீட்சை எழுதப் போவுதா? இத்தினி மோந்து பாக்கிறே," என்றார். கையைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன்.

முகப்பேர் மாவு மில்லில் மிளகாயும் கோதுமையும் ஒரே எந்திரத்தில் ஓடும். மிளகாய் ஒரு துளி ஒட்டினாலும் அவள் வயிறு தாங்காது என்று பயந்தேன். முத்தாபுதுப்பேட்டை மில்லில் கோதுமைக்குத் தனி எந்திரம் உண்டென்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அங்கே வடநாட்டுப் பட்டாளத்துக் குடும்பங்கள் அதிகம், சப்பாத்தி சாப்பிடுகிறவர்கள், மக்காச்சோள மாவுகூடக் கிடைக்கும் என்றார். ஐந்து கிலோ கோதுமையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறினேன்.

மில்லில் முழங்கை வரை மாவு அப்பிய ஓர் அம்மாள் இருந்தார். "பெருசா அரைச்சுக் குடும்மா, தவிடுதான் வேணும்," என்றேன்.

"தவிடு வேணும்னா மாவை இன்னா பண்ணுவே?"

"நீயே வெச்சுக்கோ."

அந்த அம்மாள் எந்திரத்தை நிறுத்திவிட்டார். வரிசையில் நின்ற நாலு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். "மாவைக் குடுத்துட்டுத் தவிட்டைத் தூக்கிகினு போற ஆளை இப்பத்தான் பாக்கறேன். மாடு எத்தினி லிட்டர் கறக்குது நைனா?"

"மாடு இல்லை. மருமகளுக்கு."

ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இன்னொருத்தி, "மாமியார் கொடுமை கேட்டுக்கீறேன், மாமனார் இந்த ரேஞ்சுக்குப் போறாரே," என்றாள். விளக்கிச் சொல்ல ஆரம்பித்து, ருமேனியா என்ற சொல்லிலேயே நிறுத்திவிட்டேன். சலித்து முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. மக்காச்சோள மாவும் ஒரு கிலோ வாங்கினேன்.

திரும்பும் வழியில் ஆவடிக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னார்கள். அறுபத்தேழு வயதில் நானும் ஒரு கை வைத்தேன். இன்னொரு கையிலிருந்த பை பிரிந்து, காற்றில் தவிடு பறந்து, முன்னால் தள்ளிக்கொண்டிருந்தவரின் வெள்ளைச் சட்டை முழுக்க அப்பிக்கொண்டது. அவர் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். "யோவ் பெர்சு, என்னைப் பாத்தா மாடு மாதிரி கீதா?" என்றார். கண்டக்டர், "உடு அண்ணாத்தே, மொய் வெக்கசொல்லோ நாலு பேர் உன்னையே பாப்பாங்க," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையில் மீதி பதினான்கு பிடி இருக்குமா என்பதுதான் கவலை. வீட்டில் வந்து எண்ணினேன், பதினைந்து. என் கைப்பிடி மரியாவின் கைப்பிடியைவிடச் சிறியதா பெரியதா என்று அப்போதுதான் தோன்றியது. அது நோட்டில் இல்லை.

எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரை நான் நம்புவதில்லை. இருபது நிமிடம் கொதிக்காத தண்ணீர் என் வாயில் போனதில்லை. மில் தரையையும் பார்த்திருந்தேன். அதனால் பால்கனியில் பம்பு ஸ்டவ்வைப் பற்றவைத்து, தவிடு, சோளமாவு, தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டேன். ஊறுகாய் ஜாடியில் ஊற்றி, துணியால் கட்டி, துளசித் தொட்டிக்குப் பின்னால் மறைத்துவைத்தேன்.

புதன்கிழமை நாலு தடவை போய் முகர்ந்தேன். கஞ்சி வாசனை. அன்று யோவானா குடித்தது ஒன்றரை டம்ளர் பால், தங்கியது அரை. மாலையில் நாற்காலியிலிருந்து எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணும் இல்ல மாமா," என்றாள். அவளுடைய கல்யாண வளையல் முழங்கை வரை ஏறி இறங்குவதைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை துணியை அவிழ்த்தேன். புளிக்கவில்லை. அழுகியிருந்தது. மேலே சாம்பல் நிறத்தில் பூஞ்சை, ஐந்து இடத்தில். கழுவி ஊற்றினேன். சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

கைமாவாவது வாங்கிவரலாம், உருண்டை பிடித்து வெறும் சூப்பாகக் கொடுக்கலாம் என்று பூந்தமல்லிக்குப் போனேன். அங்கே பாய் ஒருவர் கண் முன்னாலேயே கொத்திக் கொடுப்பார். காட்டுப்பாக்கத்தில் பஸ் நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றது. வெயிலில் நெற்றி பொட்டுப் பொட்டாக வியர்த்தது. வெறும் சூப்பையும் அவள் வாந்தி எடுத்தால், பிறகு என்னிடம் வேறொன்றும் இல்லை. மகனுக்குத் தந்தி கொடுக்க என்ன வாசகம் எழுதுவது என்று யோசிக்க ஆரம்பித்து, ஆறு சொல் வரை வந்து, பயந்து நிறுத்தினேன்.

பாய் கறியைக் கொத்திக்கொண்டே, "என்ன சார், மூஞ்சி சரியில்லியே?" என்றார். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். தவிடு, ஜாடி, பூஞ்சை. கடைக்குப் பக்கத்தில் கூழ் வண்டி வைத்திருக்கும் அம்மாள் ஒருவர் சொம்பைக் கழுவியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொதிக்க வெச்சியா?" என்றார்.

"அரைமணி நேரம். கிருமி போகணுமில்ல."

"அடப்பாவி நைனா. புளிக்க வெக்கிறதே அதுதான். அதைக் கொன்னுட்டு அப்பால எப்புடிப் புளிக்கும்? உங்க ஊட்டுல இட்லி மாவைக் கொதிக்க வெச்சா கரைக்கிறாங்க?"

பாய் கத்தியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "படிச்சவருக்கு அடுப்பங்கரைப் பக்கம் வேலையில்லம்மா, உடு."

"தண்ணியைக் கொதிக்க வெச்சுத் தவுட்டு மேல ஊத்து. ஆறட்டும். வெரல் வெச்சா சுடக் கூடாது, சில்லுனும் இருக்கக் கூடாது. அப்பால உறை ஊத்து."

"எத்தனை டிகிரி?"

"டிகிரியா? வெரலு, நைனா. வெரலு."

உறை. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு இருபத்தேழாம் பக்கம் புரிந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த கிண்ணம் அதுதான். மரியாவின் பழைய ஜாடி உடைந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி தன் ஜாடியின் அடியில் தங்கிய வண்டலைக் கொண்டுவந்து கொடுத்து, "இது என் மாமியார் ஜாடியிலிருந்து வந்தது, பத்திரம்," என்று அவர்கள் பாஷையில் சொன்னாள். மகன் மொழிபெயர்த்தான். ஏதோ பெண்கள் பேச்சு என்று நான் சர்மாலேயை எண்ணப் போய்விட்டேன். அது புளித்த முட்டைக்கோஸ் இலையில் கறியும் அரிசியும் சுருட்டி வேகவைப்பது. அன்றைய அண்டாவில் இருநூற்றுப் பதினொன்று இருந்தன. அந்த எண் மட்டும் என்னிடம் பத்திரமாக இருந்தது.

கூழ் அம்மாள் பெரிய பானையின் மூடியைத் திறந்தார். கேழ்வரகு மாவு கரைத்துப் புளிக்கவைத்தது, மேலே நுரை பொரிந்துகொண்டிருந்தது. புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது. பானை விளிம்பில் நாலு ஈ. கரண்டியின் காம்பு கறுத்திருந்தது. அந்த அம்மாளின் விரல் நகத்தையும் பார்த்தேன்.

"இன்னா, ஈயை எண்றியா?"

பார்வையைச் சொம்புப் பக்கம் திருப்பினேன்.

"இருவது வருசமா இதுல வந்த உறை. இந்த ரோட்டுல பாதிப்பேர் இதைக் குட்ச்சுட்டுத்தான் வேலைக்குப் போறான். புள்ளத்தாச்சி கேட்டான்னுதான் குடுக்கறேன், வேணான்னா போயிகினே இரு."

பாயின் கடையில் ஒரு மூடிபோட்ட டப்பா வாங்கி நீட்டினேன். இரண்டு கரண்டி ஊற்றினார். பஸ்ஸில் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் மூடி உப்பிக்கொண்டே இருந்தது. உள்ளே என்னவோ உயிரோடு இருந்தது என்பதில் சந்தேகமில்லை. அதைத்தான் நான் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கப்போகிறேன்.

வீட்டில் மீதியிருந்த கோதுமையைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்கல்லில் உடைத்துச் சலித்தேன். விரல் வைத்துப் பார்த்து, ஆறியபின் உறையை ஊற்றினேன். வெள்ளிக்கிழமை மதியம் ஜாடியில் குமிழி வந்தது. மாலை நாலு மணிக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது, வைக்கோல் நிறத்தில். நாக்கில் ஒரு சொட்டு வைத்தேன். மரியாவின் சமையலறை அப்படியே வந்து நின்றது. சந்தோஷப்பட நேரமில்லை. விஷமாக இருந்தால்? ஒரு டம்ளர் முகந்து மடமடவென்று குடித்தேன். எனக்கு ஏதாவது ஆனால் அவளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று தெரிந்துவிடும்.

மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தபோது சரோஜா வந்துவிட்டாள்.

"என்ன குடிச்சீங்க?"

சொன்னேன். ஜாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மாட்டுத் தவிடா? பிள்ளைத்தாச்சிப் பொண்ணுக்கா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உங்க மகனுக்கு யாருங்க பதில் சொல்றது? நீங்களா, நானா?"

"அதான் நான் முதல்ல குடிச்சேன்."

"உங்க வயிறும் அவ வயிறும் ஒண்ணா? நாலு நாளா துளசிக்குத் தண்ணி ஊத்தறேன், இந்த நாத்தம் எங்கேருந்து வருதுன்னு தேடறேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஜாடியின் மேல் குனிந்து நீளமாக மூச்சை இழுத்தாள். சமையலறையிலிருந்து தன் டம்ளரை எடுத்துவந்து அரை டம்ளர் குடித்தாள். "புளிச்ச கூழுதான். உப்பு இல்ல," என்றாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாருக்கு முதலில் வயிறு வலிக்கும் என்று இருவரும் காத்திருந்தோம். எட்டு மணிக்குப் பசித்தது.

சனிக்கிழமை காலை யோவானாவிடம் ஜாடியைக் காட்டினோம். குனிந்து முகர்ந்தவள் நிமிரவே இல்லை. "யார் கொடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே சமைக்கச் சொல்லிக்கொடுத்தாள். ஃப்ரிட்ஜில் வைத்திருந்த கைமாவோடு ஊறிய அரிசி, வெங்காயம், ஒரு முட்டை சேர்த்து சரோஜா உருண்டை பிடித்தாள், இருபத்திரண்டு. கேரட், தக்காளி. போர்ஷைத் தனியாகக் காய்ச்சி நுரையை எடுத்து ஊற்றினோம். அவர்கள் ஊரில் கடைசியில் ஒரு வாசனைத் தழை கிள்ளிப் போடுவார்கள், இங்கே கிடையாது. மூன்று கட்டுக் கீரையை முகர்ந்து தள்ளிவிட்டு, கொத்தமல்லியைத் தண்டோடு போடச் சொன்னாள். மக்காச்சோள மாவில் மாமாலிகா கிளறினோம். நம் களியேதான், மஞ்சளாக இருக்கும். பலகையில் கவிழ்த்ததும், "கத்தி வேண்டாம், நூல்," என்றாள். சரோஜா பூக்கட்டும் நூலைக் கொடுத்தாள். இழுத்துப் பிடித்து அறுத்தாள், அவள் அம்மா அறுப்பதுபோலவே.

பதினொன்று பத்துக்கு முதல் கரண்டி. மொத்தம் பத்தொன்பது கரண்டி, நாலு உருண்டை, களி இரண்டு துண்டு. நான் கதவருகில் கடிகாரத்தோடு நின்றேன். சரோஜா கையில் வாளியோடு நின்றாள். எட்டு நிமிடம். பத்து. பன்னிரண்டு. யோவானா கரண்டியைக் கீழே வைத்தாள். சரோஜா வாளியை நீட்டினாள்.

"அத்தை, பச்சை மிளகாய் இருக்கா?"

"என்னது?"

"எங்க ஊர்ல இதுக்குக் கடிச்சுப்போம்."

தடுக்க வாயெடுத்தேன், சரோஜா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். மிளகாயைக் கடித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னும் அரைக் கிண்ணம் ஊற்றச் சொன்னாள். முப்பது நிமிடம் தாண்டியது. நாற்பது தாண்டியது. நான் உட்கார்ந்தேன். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்திருக்கிறேன்.

மாலை சரோஜாவை வீட்டில் விட்டுவிட்டு நானும் யோவானாவும் டாக்டரம்மாவிடம் போனோம். செருப்பைக் கழற்றச் சொல்லி, எடைமேடையில் இரண்டு முறை எடை பார்க்கச் சொன்னேன். ஐம்பதரை. இரண்டு முறையும் ஐம்பதரை. கீழே போகவில்லை. குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு எத்தனை என்று கேட்டேன். "நூற்று நாற்பத்தாறு. நல்லா இருக்கு," என்றார் டாக்டரம்மா. "என்ன சாப்பிட்டா?"

"சூப்," என்றேன்.

"தவிடு," என்றாள் யோவானா.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "சூப்பைக் கொதிக்க வச்சுத்தானே குடுத்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "தங்குதுன்னா அதையே குடுங்க. அடுத்த சனிக்கிழமை வாங்க. இப்பச் சேர்க்க வேண்டியதில்ல."

திரும்புகிற பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் இடம் கிடைத்தது. மூன்றாவது நிறுத்தம் தாண்டும்போது யோவானாவின் தலை என் தோளில் சாய்ந்தது. மூன்று வாரமாக அவள் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி நான் பார்த்ததில்லை. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அடுத்த வாரம் நாற்பத்தொன்பது காட்டினால் என்ன செய்வது என்ற பயம் அப்போதும் எனக்கு இருந்தது. தோளை மட்டும் அசைக்கவில்லை.

எங்கள் நிறுத்தம் வந்தது. கண்டக்டர் விசில் கொடுக்காமல் காத்திருந்தார். "இன்னா நைனா, எறங்கலியா? உன் ஸ்டாப்பிங்குதானே?"

"தூங்கறா," என்றேன் மெதுவாக. "கடைசி வரைக்கும் ரெண்டு டிக்கெட் கிழிச்சுடுப்பா."

அவர் யோவானாவைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பஸ்ஸின் தகரத்தில் கையால் லேசாக இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் நகர்ந்தது.